வேடியப்பன் தேர்ந்தெடுத்த பாடம்

கீழே நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டது. மருமகள் சந்தைக்குப் போனால்தான் வரும். அதனால் கைக்கு எட்டிய இருமல் மிட்டாய் டப்பாவின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். எண்பதைத் தாண்டியாகிவிட்டது. இனிமேல் பொய் சொல்லி எந்த உத்தியோகத்துக்குப் போகப்போகிறேன்?

பள்ளிக்கூட மலருக்காக நீங்கள் வந்து கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்விதான். 'உங்கள் காலத்தில் பெரிய வகுப்புக்குப் போகும்போது சயன்ஸா சரித்திரமா என்று எப்படி ஐயா முடிவு செய்தீர்கள்?' என்றீர்கள். நான் மாட்டு லாடக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு அப்படி அனுப்பியது சரியில்லை என்று பட்டது. ஆகவே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அது 1940ஆம் வருஷம். நாலாம் பாரம், அதாவது உங்கள் ஒன்பதாம் வகுப்பு, முடித்தவன் ஐந்தாம் பாரத்துக்குப் போகும்போது விருப்பப் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான், பள்ளிக்கூடம் முடியும்வரை அதுவேதான். அதுவரை எங்கள் தருமபுரிப் பள்ளியில் விருப்பம் என்பது பெயருக்குத்தான். சரித்திரம் ஒன்றே இருந்தது, அதையே எல்லாரும் விரும்பினோம். அந்த வருஷம்தான் ராஜப்பன் சார் என்று ஒருவர் தலைப்பாகையும் கோட்டுமாக வந்து, பத்துப் பையன்கள் சேர்ந்தால் சயன்ஸ் வகுப்பு திறக்க மேலிடத்தில் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். பத்துக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பு கிடையாது. பத்து முக்காலி மட்டும் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டது.

பையன்களை இழுக்க அவர் வித்தை காட்டினார். லாடக் கதை உங்களுக்குத் தெரியும்: அவர் காந்தத்தை ஜன்னல் மேல் வைக்க, தெருவில் பாரம் இழுத்துப்போன காளை நாலு காலும் பள்ளிக்கூடத்துப் பக்கம் இழுபட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் நின்றது. இன்னொரு நாள் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு வாயுவைக் காய்ச்சினார். அது காற்றோடு போய் முன்சீப் கோர்ட்டில் நுழைந்து, இரண்டு கட்சி வக்கீல்களும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க, வழக்கே தள்ளிவைக்கப்பட்டது. எல்லாம் நடந்ததுதான்.

மூன்றாவது வித்தையில்தான் என் கதை இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாராய விளக்கின் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார். தீ குங்குமம் போலச் சிவந்தது. இன்னொரு உப்பு. தீ கிளிப்பச்சையாக எழுந்தது. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்றாயன் என் காதில் கேட்டான்.

"டேய் காளி, ரெண்டும் ஒண்ணாத்தானடா எரிஞ்சுது? எதுக்குடா இப்பிடிக் கத்தறானுங்க?"

"மெதுவாப் பேசு," என்றேன்.

என் முழுப் பெயர் காளியப்பன். அவன் ஒருவன்தான் என்னைக் காளி என்பான். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே தெரு. அவனுடைய அம்மா மாதம்மாள் எனக்கு அத்தை முறை. புருஷன் இல்லாமல், ஒரு கொல்லை ராகியை வைத்துக்கொண்டு மகனைப் படிக்கவைத்தவர். நாங்கள் இருவரும் விடிந்ததும் கிளம்பி ஏரிக்கரை மேலாகவே நடந்து பள்ளிக்கூடம் போவோம். வழியில் வேலி முழுக்கக் கோவைக்கொடி படர்ந்திருக்கும். பச்சை இலைக்குள் பழம் செக்கச்செவேல் என்று தொங்கும். சென்றாயன் கண்ணுக்கு அது தெரியாது. இலையோடு இலையாக ஒன்றிப்போய்விடும். கையைவிட்டுத் தடவித்தான் பறிப்பான். நான் தூரத்திலிருந்தே பார்த்து மடி நிறையப் பறித்துக்கொள்வேன். உலகத்தில் எல்லாரும் அப்படித் தடவித்தான் பறிக்கிறார்கள், காளிக்கு மட்டும் கைராசி என்று அவன் நினைத்திருந்தான். சிவப்பும் பச்சையும் தனக்கு ஒன்று என்பது அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. பழம் எனக்கு மிச்சமாயிற்று என்பதைத் தவிர அதில் வேறு உள்நோக்கம் இல்லை.

ஆனால் சரித்திரத்தில் அவனுக்குக் கண் உண்டு, காது உண்டு, இறக்கையும் உண்டு. வாத்தியார் ஒருமுறை சொன்னதை ஓர் எழுத்து சிந்தாமல் திருப்பிச் சொல்வான். பானிப்பட்டுப் போரை அவன் சொன்ன நாளில், வெளியே கட்டியிருந்த இன்ஸ்பெக்டர் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தோற்ற கட்சிக் குதிரை போலிருக்கிறது. வகுப்பில் அவன் முதல், நான் இரண்டு. முதல் பாரத்திலிருந்து அப்படித்தான். அதனால் எனக்குப் பொறாமை என்று நீங்கள் எண்ணலாம். இல்லை. இரண்டாவதாக வருவதும் ஒரு பழக்கம், செருப்பு கடிப்பதைப் போல. நாளடைவில் தோல் காய்த்துவிடும்.

ராஜப்பன் சாருக்கு ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது ஆள் அகப்படவில்லை. என்னைக் கேட்டார். எனக்குக் கணக்கு வராது என்றேன். சென்றாயனைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் விடவில்லை, ஒரு சாயங்காலம் எங்கள் ஊருக்கே நடந்து வந்து மாதம்மாள் அத்தையின் வாசலில் நின்றார்.

"அம்மா, உங்க பையன் வந்தா வகுப்பு நடக்கும். நாளைக்கு அவன் டாக்டராக்கூட ஆகலாம்."

"நீங்க பெரியவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க," என்றார் அத்தை. "பையன் வேற ஒண்ணு சொல்றான். எனக்கு ரெண்டும் தெரியாதுங்க. சாமியக் கேட்டுச் சொல்லிப்போடறேன்."

எங்கள் ஊரில் பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, ஆட்டுப்பட்டியை மாற்றுவது எல்லாமே வேடியப்பன் உத்தரவுதான். ஏரிக்கரைப் புளியமரத்தடியில், வில்லும் அம்புமாக நிற்கும் வீரன் கல் அவர். கேட்கும் முறை இதுதான்: ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நாரால் கட்டிக் கல்லின் முன்னால் வைப்பார்கள். கேட்கிறவன் ஏரியில் முங்கி ஈரத்துணியோடு வந்து ஒன்றை எடுப்பான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கட்டினவனே கொண்டுபோய்த் திரும்பிப் பார்க்காமல் ஏரியில் போட வேண்டும். பொட்டலம் கட்டுகிறவனுக்கு அந்தக் காரியத்தில் லாபமும் இருக்கக் கூடாது, நட்டமும் இருக்கக் கூடாது.

வேடியப்பன் வரலாற்றில் பாடத்திட்டம் குறித்து அவரிடம் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பூசாரி சற்று மிரண்டார். "சயின்சுன்னா எந்தத் திக்குல இருக்குது?" என்று கேட்டார். தெற்கே என்றேன். கிணறு என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பு வந்தால் சயன்ஸ், வெள்ளை வந்தால் சரித்திரம் என்று பேசியாயிற்று. வெள்ளிக்கிழமை என்று நாளும் வைத்தாயிற்று. பொட்டலம் கட்ட யார் என்ற பேச்சு வந்தபோது அத்தை என்னைக் காட்டினார். "இவங்கூடவே பொறந்தவனாட்டம் இருக்கறவன். இவனுக்கென்ன லாபம், என்ன நட்டம்?"

பூசாரி என் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா, எதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

நான் சொன்னது உண்மை. லாபம் பள்ளிக்கூடத்துக்கு. ஒன்பது பையன்கள் சயன்ஸ் படிக்க ஆசையோடு காத்திருந்தார்கள். ஒருத்தனுடைய ஆசையால் ஒன்பது பேருடைய ஆசை கெடக் கூடாது என்பது நியாயமா இல்லையா? நன்றாக யோசித்துத்தான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்தேன்.

அவன் முங்கப் போகுமுன் என்னிடம் வந்து நின்றான். "டேய் காளி, எனக்கோசரம் வெள்ளை வரணும்னு வேண்டிக்கடா. சாமிகிட்ட மூணு நாளாத் தூங்காம வேண்டறேன்."

"வேண்டிக்கறேன். போ," என்றேன்.

நெற்றியில் நீர் வழிய வந்து உட்கார்ந்தான். வலப்பக்கத்தை எடுக்கப்போனான், நிறுத்தினான், இடப்பக்கத்தை எடுத்தான். அத்தை கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். பூசாரி பிரித்தார். சிவப்பு. சென்றாயன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"இன்னொருக்கா கேக்கலாங்களா?" என்றான்.

"சாமிகிட்டயே எதிர்ப்பேச்சா?" என்றார் பூசாரி. "ஒருக்காச் சொன்னா ஒருக்காத்தான்."

இன்னொரு பொட்டலத்தை நான் ஏரியில் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை, முறைப்படி செய்தேன். வெள்ளரளி என் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கும்போது எங்கள் அம்மா எடுத்து, "பொட்டச்சியாட்டம் பூவ எதுக்குடா வெச்சிருக்கற?" என்று கேட்டார்.

சயன்ஸ் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் சென்றாயன் வாசலில் போய் நின்றதும் ராஜப்பன் சார், "அடே, நீயுமா? சரித்திரத்துக்கல்லவா போவேன்னு நெனச்சேன்!" என்று தோளைத் தட்டினாராம். "சாமி சொல்லிருச்சுங்க சார்" என்றானாம். ஆய்வகத்தில் அவன் கடைசியில், ஜன்னலோரம் நின்றபடியே பாடம் கேட்டான். எனக்கு எதிர் வகுப்பில் இடம். அவன் தலை ஜன்னலில் எப்போதும் தெரியும். அவன் அதற்குள் நின்றபடி, நாங்கள் படிக்கும் ராஜாக்களைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

எந்தப் புட்டியில் எந்த உப்பு என்று இடத்தை வைத்து மனப்பாடம் செய்து முதலில் சமாளித்தான். பிறகு சார் ஒரு நாள் புட்டிகளை மாற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன நிறம்டா எரியுது?"

"பச்சைங்க சார்."

"நல்லாப் பாரு."

"அப்ப... சிவப்புங்களா?"

"ஏலம் போடறியா? என்ன திமிர்டா உனக்கு!" பையன்கள் சிரித்தது எங்கள் வகுப்புவரை கேட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு ஏலம் என்றே பெயர் ஆகிவிட்டது. 'ஏலம், இந்தச் சட்டை என்ன நிறம், ஏலம், உங்கொப்பன் வேட்டி என்ன நிறம்?' என்று மைதானத்தில் சுற்றிக்கொள்வார்கள். ராஜப்பன் சார் கெட்டவர் இல்லை. பையன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நம்பினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படி நம்பியிருக்க மாட்டார்.

அந்த வருஷக் கடைசியில் தலைமையாசிரியரே அவனைக் கூப்பிட்டார். "உனக்கு இது வரலைப்பா. சரித்திரத்துக்கு மாத்திக்கோ, மேலே நான் பேசிக்கறேன்" என்றார். அன்று அவன் ஏரிக்கரை நெடுக ஓடினான், நடக்கவில்லை. வேலியோரம் நின்று எனக்காகக் காத்திருந்து கேட்டான்.

"மாத்திக்கலாமாடா காளி? தப்பாகுமா?"

"தலைமையாசிரியர் சொல்றது மனுசன் சொல்றது," என்றேன். "அது சாமி சொன்னது. அத்தைக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் உன்னால தாங்க முடியுமா?"

அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

இதை நான் ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒருவன் விலகினால் மறுபடி ஒன்பதாகிவிடும், வகுப்பை மூடிவிடுவார்கள். பொதுக்காரியம் என்று இறங்கிவிட்டால் பாதியில் விடக் கூடாது. அதே சமயத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சரித்திரத்தில் பள்ளிக்கு முதலாவதாக வருகிற பையனைச் சேலம் கல்லூரிக்கு அனுப்பி, தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க ஒரு மிராசுதார் ஏற்பாடு செய்திருந்தார். 1942இல் அந்தப் பையன் நானாக இருந்தேன். அது தற்செயல்.

சென்றாயனைச் சயன்ஸ் கவிழ்த்துவிட்டது. மற்ற பாடங்களில் எல்லாம் நிறைய வாங்கியிருந்தான். மறுபடியும் எழுதினான், மறுபடியும் கவிழ்ந்தான். நான் சேலத்தில் மெத்தை வைத்த கட்டிலில் படுத்து நாலு பேரரசுகளின் வீழ்ச்சிக்கான காரணங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவன் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்துவிட்டான் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

யுத்தக் காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக் கரி போட்டு எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளீனருக்கு அடுப்பை ஊதுவதுதான் வேலை. ஒருமுறை நான் அதில் ஊருக்கு வந்தேன். மேட்டில் பஸ் நின்றுவிடும். பிரயாணிகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். மேட்டின் உச்சிக்கு வரும்போது பஸ்ஸைவிடப் பிரயாணிகள்தான் அதிகமாகப் புகைவிடுவார்கள். சென்றாயன் முகமெல்லாம் கரி. என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஏறுடா காளி. எப்படிப் பாத்தாலும் சயின்சுலதாண்டா இருக்கறன், கரி, வாயு, நெருப்பு."

என்னிடம் சேலத்தில் எந்த ராஜா ஓடுகிறார் என்று கேட்டான். சொன்னேன். நான் சொன்னதில் இரண்டு தப்பைத் திருத்தினான்.

1944 ஐப்பசி மழையில் தொப்பூர்க் கணவாயில் ஒரு சிறு பாலம் ஒரு பக்கம் அரித்துப் போயிற்று. ரோட்டு வேலைக்காரர்கள் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் இருந்த புதரின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கல் கொண்டுவரப் போயிருந்தார்கள். பகல் நேரம்தான். சாரல் அடித்துக் கண்ணாடி மறைத்ததால், அந்த வழியாகப் பஸ்ஸை ஓட்டிவந்த பெரியண்ணன் என்கிற டிரைவர், சென்றாயனை இடதுபக்கப் படியில் நின்று வழி பார்த்துச் சொல்லச் சொன்னார். டிரைவர் பிழைத்துக்கொண்டார், அவர் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"முன்னால எதாச்சும் தெரியுதாடா?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. வெறுஞ் செடிதான். வாங்க, வாங்க."

படி இருந்த பக்கம்தான் பள்ளத்தில் போனது. பிரயாணிகளுக்குக் கை கால் முறிந்ததோடு சரி. அவன் ஒருவன்தான் அடியில் அகப்பட்டான். "அவ்வளவு பெரிய சிவப்புத் துணி, குருடனுக்கும் தெரியுமே. பையன் தூங்கிட்டான்" என்று விசாரணையில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவன் தூங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதைச் சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். கேள்வி எங்கே போய் நிற்குமோ என்று இருந்துவிட்டேன்.

மாதம்மாள் அத்தை அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். வருஷந்தோறும் வேடியப்பனுக்குப் பொங்கல் வைத்து, தெரியாமல் செய்த குற்றம் எதுவோ அதைப் பொறுத்துக்கொள் என்று விழுந்து கும்பிடுவார். நான் அப்போது வாத்தியார் ஆகிவிட்டேன். லீவில் வரும்போது தேங்காய் உடைத்துக் கொடுப்பேன். ஒரு தடவை விழுந்தவர் எழுந்திருக்காமலே என்னைக் கேட்டார்.

"கண்ணு, நீ படிச்சவன். ஒரு சொல்லு சொல்லு. எதுக்கு அந்தச் சாமி எம்பையங்கிட்டப் பொய் சொல்லுச்சு?"

"சாமி பொய் சொல்லாதுங்க அத்தை," என்றேன். "நமக்குத்தான் அர்த்தம் புரியல."

அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. என் முழங்கையைப் பிடித்துத்தான் எழுந்தார். சாகும்போது என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்போது பரீட்சைத்தாள் திருத்தும் சமயம், என்னால் போக முடியவில்லை.

முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தேன். என் மாணவர்களில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அந்த முதல் சயன்ஸ் வகுப்பிலிருந்து இரண்டு டாக்டர்களும் ஓர் இன்ஜினியரும் வந்தார்கள். உங்கள் மலரில் அவர்கள் படம் வரப்போகிறது என்று சொன்னீர்கள். வகுப்பு திறக்காவிட்டால் அவர்கள் இல்லை. பத்தாவது ஆள் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. ஒரு கோவைப்பழம்கூட எனக்கென்று நினைக்காமல், அந்தப் பத்தாவது ஆளை நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், தப்பு என்று எதைச் சொல்வீர்கள்?

மலருக்கு வேண்டிய விவரம் இன்னும் ஒன்று பாக்கி. பத்தாவது ஆளாகச் சேர்ந்தவன் மாரப்பன். வியாழக்கிழமை மத்தியானமே சேர்ந்து கடைசி முக்காலியில் உட்கார்ந்துவிட்டான், அப்போது ராஜப்பன் சார் என்னைக் கூப்பிட்டு, "இனிமே சென்றாயனைத் தொந்தரவு பண்ண வேண்டாம், அவன் ஆசைப்பட்டபடி சரித்திரமே எடுக்கட்டும், நீ ஊருக்குப் போனதும் சொல்லிடுப்பா" என்று சொல்லி அனுப்பினார். வேடியப்பனிடம் பூக்கேட்டது அதற்கு மறுநாள்.